ஊதா மூடிக் குழாய்க்குள் ஒரு பெரட்டு

படிவம் 4 படிக்கும்போது பள்ளியிலிருந்து ஒரு பாரம் வீட்டுக்கு வந்தது. தலசீமியா இரத்தப் பரிசோதனைக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அதில் இருந்தது. அம்மா அதை இரண்டு நாள் சாமி மேடையில் வைத்திருந்தார். "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஊசி?" என்பது அவருடைய கேள்வி. மூன்றாம் நாள் காலையில், பள்ளி பஸ் லயத்து முனையில் ஹாரன் அடித்த அவசரத்தில், அடுப்படியிலிருந்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. என் இரத்தச் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியவையாக இருக்கின்றன, மறுபரிசோதனைக்கு வர வேண்டும் என்று மலாயில் எழுதியிருந்தது. கூடவே எண்கள் நிறைந்த ஒரு தாள்.

எங்கள் வீடு பெஸ்தாரி ஜெயாவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே 'இரத்தம் பத்தாது' என்பதை யாரும் நோயாக நினைப்பதில்லை. பெண்களின் இயல்பு என்றே நினைக்கிறார்கள். பாட்டிக்குப் பத்தாது, அம்மாவுக்குப் பத்தாது, ஆகவே எனக்கும் பத்தாது. மறுபரிசோதனையில் நான் தலசீமியா மரபணுவைச் சுமப்பவள் என்று தெரிந்தபோதும் வீட்டில் தீர்ப்பு மாறவில்லை. "எல்லாம் அம்மா வழியிலே வந்தது" என்றார் பாட்டி. அப்பாவையும் அம்மாவையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குக் குலை வெட்டும் வேலை. ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அவர் போகவில்லை.

வீட்டின் தீர்ப்பு தவறு என்று எனக்குத் தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின. பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் இரண்டாம் ஆண்டில், இரத்த அணுக்களை மின்சாரத்தால் எண்ணும் முறையைப் பற்றிய ஒரு விரிவுரை. அன்று இரவு விடுதி அறையில் கைப்பேசியைத் திறந்து பழைய தாளின் படத்தைத் தேடி எடுத்தேன். விடை அதிலேயே இருந்திருக்கிறது.

ஒரு ஓட்டை, ஓர் உப்புநீர்

நர்ஸ் நம் கையிலிருந்து எடுக்கும் இரத்தம் ஊதா மூடி போட்ட சிறு குழாய்க்குள் போவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க அதன் உட்புறத்தில் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும். ஆய்வுக்கூட இயந்திரம் அதிலிருந்து மிகச் சிறிதளவை உறிஞ்சி, உப்பு நீரில் பல ஆயிரம் மடங்கு கலந்து நீர்க்கச் செய்கிறது. பிறகு அந்த நீரை ஒரு நுண்துளை வழியாக இழுக்கிறது. துளையின் அகலம் ஏறக்குறைய நம் தலைமுடியின் தடிமன்தான். துளைக்கு இந்தப் பக்கம் ஒரு மின்வாய், அந்தப் பக்கம் ஒரு மின்வாய். இடையே மாறாத அளவில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். சிவப்பணுவைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று இருப்பதால் அது கடத்தாது. ஆகவே ஓர் அணு துளைக்குள் நுழையும்போது, அது இடம் பிடித்த அளவு உப்பு நீர் விலகிப் போகிறது. மின்தடை ஒரு கணம் கூடுகிறது. படிவம் 5 இயற்பியலில் படித்த ஓம் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் மாறாமல் மின்தடை கூடினால் மின்னழுத்தம் கூட வேண்டும். அந்தச் சிறு துள்ளலை இயந்திரம் பதிவு செய்கிறது. ஒரு துள்ளல் என்றால் ஓர் அணு. துள்ளலின் உயரம் எவ்வளவோ, அணுவின் கனஅளவும் அதற்கேற்ப அவ்வளவு.

தோட்டத்தில் இதற்குப் பொருத்தமான இரண்டு காட்சிகள் உண்டு. ஒன்று விடியற்காலைப் பெரட்டு: கிராணி பேர் வாசிக்க, ஒவ்வொருவராக ஆள் கணக்கு எடுப்பது. இன்னொன்று செம்பனை ஆலை வாசலில் இருக்கும் எடை மேடை: ஒவ்வொரு லோரியும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும். இந்த இயந்திரம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது, அதுவும் ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான அணுக்களுக்கு. இரண்டு லோரிகள் ஒட்டிக்கொண்டு ஏறினால் எடை குழம்பும் அல்லவா? அதனால்தான் இரத்தத்தை அத்தனை மடங்கு நீர்க்க வைப்பது.

அளவுகள் எவ்வளவு நுட்பமானவை என்று பாருங்கள். ஒரு சராசரி சிவப்பணுவின் கனஅளவு ஏறக்குறைய 90 ஃபெம்டோலிட்டர். ஒரு தேக்கரண்டியை நிரப்ப வேண்டுமானால் இப்படிப்பட்ட 5,500 கோடி அணுக்கள் வேண்டும். அவற்றில் ஒன்றைத் தனியாகப் பிடித்து, அதன் பருமனைச் சொல்ல ஓர் ஓட்டையும் கொஞ்சம் உப்பு நீரும் போதும் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து தப்பிய பொறியாளர்

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் வாலஸ் கூல்டர். 1913-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். அவர் நம் பக்கத்து ஆள் என்று சொன்னால் நம்புவீர்களா? ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எக்ஸ்-ரே கருவிகளை விற்பதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. அந்த வேலையாகக் கிழக்கே வந்தவர் மணிலா, ஷங்ஹாய் நகரங்களுக்குப் பிறகு சிங்கப்பூரில் தங்கினார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போடத் தொடங்கியதும் ஒரு சரக்குக் கப்பலில் ஏறி இந்தியாவுக்குத் தப்பினார். நம் கொள்ளுத் தாத்தாக்கள் கப்பலேறி வந்த கடல்வழியில் அவர் எதிர்த்திசையில் போயிருக்கிறார். அங்கிருந்து ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று சுற்றி அமெரிக்கா போய்ச் சேர 1942-இன் கடைசி ஆகிவிட்டது.

போருக்குப் பிறகு சிகாகோவில் ஒரு வீட்டின் நிலவறையில் அவர் சோதனைகளைத் தொடங்கினார். முதல் ஓட்டையை அவர் போட்டது சிகரெட் பெட்டியின் மேல் சுற்றியிருக்கும் செல்லோபேன் தாளில். ஊசியைச் சூடாக்கிக் குத்தினாராம். காப்புரிமை கேட்டுப் போனபோது, "ஓட்டைக்கெல்லாம் காப்புரிமை வாங்க முடியாது" என்று வழக்கறிஞர்கள் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். 1949-இல் விண்ணப்பித்தார், 1953-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் தம்பி ஜோசப்புடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்.

அதற்கு முன் இரத்த அணுக்களை யார் எண்ணினார்கள்? மனிதர்கள்தான். கோடுகள் கீறிய கண்ணாடித் தட்டில் ஒரு துளியை வைத்து, நுண்நோக்கியில் குனிந்து, கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். ஒரு நோயாளிக்குச் சில நூறு அணுக்களை எண்ணுவதற்குள் கழுத்து வலித்துவிடும். இதில் கணிதச் சிக்கல் ஒன்றும் உண்டு. 500 அணுக்களை எண்ணினால், தற்செயலால் மட்டுமே 22 அணுக்கள் கூடவோ குறையவோ வரலாம். அதாவது நூற்றுக்கு நாலரை பங்கு பிசகு. இயந்திரம் 50,000 அணுக்களை எண்ணும்போது அந்தப் பிசகு அரை விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று ஐந்தாம் படிவத்தில் கேட்டவர்களுக்கு இது என் தாமதமான பதில்.

இன்று ஆய்வுக்கூடங்களில் பல நிறுவனங்களின் இயந்திரங்கள் இருக்கின்றன. வெள்ளணுக்களைப் பிரித்தறியப் பலவற்றில் லேசர் ஒளியும் சாயமும் சேர்ந்துவிட்டன. ஹீமோகுளோபினை அளப்பதும் ஒளியால்தான். ஆனால் சிவப்பணுக்களை எண்ணி அளக்கும் வேலையை இன்றும் பெரும்பாலும் கூல்டரின் ஓட்டையே செய்துகொண்டிருக்கிறது.

இரண்டு எண்கள்

இப்போது என் தாளுக்கு வருகிறேன். 'ஃபுல் பிளட் கவுண்ட்' என்ற அந்தத் தாளில் ஏறக்குறைய இருபது வரிகள் இருக்கும். எல்லாரும் ஹீமோகுளோபின் வரியை மட்டும் பார்ப்பார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு வரிகளை. ஒன்று சிவப்பணு எண்ணிக்கை: ஆர்.பி.சி. மற்றொன்று சிவப்பணுவின் சராசரி கனஅளவு: எம்.சி.வி. எண்ணிக்கை, துள்ளல்களை எண்ணியதால் வந்தது. கனஅளவு, துள்ளல்களின் உயரத்தால் வந்தது.

எம்.சி.வி. 80-க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறியவை. அதற்கு மிகச் சாதாரணமான இரண்டு காரணங்கள் உண்டு: இரும்புச்சத்துக் குறைவு, அல்லது தலசீமியா மரபணு. இரண்டிலும் அணு சிறுத்துப் போகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இரும்பு இல்லாத உடம்பு, சரக்கு இல்லாத பட்டறை போன்றது. சிறிய அணுக்களைச் செய்கிறது, அவற்றையும் குறைவாகவே செய்கிறது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் உடம்பில் இரும்பு இருக்கிறது, அச்சுதான் கோணல். அது சிறிய அணுக்களை ஏராளமாகச் செய்து குவிக்கிறது.

1973-இல் மென்ட்ஸர் என்ற மருத்துவர் இதை ஒரு வகுத்தல் கணக்காக்கிக் காட்டினார். எம்.சி.வி.யை ஆர்.பி.சி.யால் வகுக்க வேண்டும். விடை 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம். 13-க்குக் கீழ் என்றால் தலசீமியாவின் பக்கம்.

என் தாளில் எம்.சி.வி. 66, ஆர்.பி.சி. 5.6. வகுத்தால் 11.8. மறுபரிசோதனை என்ன சொன்னதோ அதையே இதுவும் சொன்னது. அது எனக்குத் தெரிந்த விஷயம். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, அம்மா கிளினிக் தாள்களைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அவருடைய எம்.சி.வி. 72, ஆர்.பி.சி. 3.9. வகுத்தால் 18-க்கு மேல்.

அம்மாவுடையது வேறு கதை என்று அந்த வகுத்தல் சொன்னது. அவருக்கு இருந்தது வெறும் இரும்புக் குறைவு, மாத்திரையால் சரிசெய்யக்கூடியது. அப்படியென்றால் இத்தனை ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டும் ஏன் சரியாகவில்லை? டின்னின் அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் இருந்தன. "வயித்தைப் புரட்டுதுமா. எப்படியும் நம்ம பரம்பரையிலே இருக்கிறது, மாத்திரையாலே போகுமா?" என்றார். 'பரம்பரை' என்ற அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்ததே என் பரிசோதனை முடிவுதான். அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

அம்மா வழி இல்லையென்றால் எஞ்சியிருப்பது ஒருவர்தான். பத்து மீட்டர் உயரக் குலையை அரிவாளால் இழுத்துச் சாய்ப்பவர், காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்திராதவர். ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கையோடு அழைத்துப் போனேன். எம்.சி.வி. 68, ஆர்.பி.சி. 6.2. வகுத்தால் 11. ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் அதையே உறுதி செய்தது. "எனக்கா?" என்று மூன்று முறை கேட்டார். மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்ல என்று டாக்டர் விளக்கிய பிறகும் வழியெல்லாம் பேசவே இல்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வகுத்தல் கணக்கு தீர்ப்பு அல்ல, ஒரு துப்பு மட்டுமே. இரண்டு காரணங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது கணக்கு ஏமாற்றும். ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் இரும்பு இருப்புச் சோதனையும் செய்த பின்னர்தான் மருத்துவர் முடிவு சொல்வார். ஆல்பா வகைத் தலசீமியாவுக்கு மரபணுச் சோதனையே தேவைப்படும். கைப்பேசியில் வகுத்துப் பார்த்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

ஆனால் எத்தனை வீடுகளில் இந்தத் தாள் படிக்கப்படாமல் டின்னுக்குள் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துக்கு மூவருக்கு இரத்தச்சோகை. படிவம் 4 மாணவர்களுக்கான தலசீமியா பரிசோதனை 2016-இல் தொடங்கியது. இரண்டுக்கும் முதல் கேள்வியைக் கேட்பது அதே ஊதா மூடிக் குழாய்தான்.

டிங்கி வந்தால்

எண்ணும் இயந்திரத்தை ஏமாற்றவும் முடியும். நாட்டில் டிங்கிச் சம்பவங்கள் அதிகம் பதிவாகும் மாநிலமாகச் செலாங்கூர் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. டிங்கி என்றாலே நம் மக்கள் கேட்கும் முதல் கேள்வி "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். பிளேட்லெட் மிகச் சிறியது, ஏறக்குறைய 10 ஃபெம்டோலிட்டர். மின்துளைக்கு அது பிளேட்லெட் என்று தெரியாது; தெரிவது கனஅளவு மட்டும். ஏறக்குறைய 2 முதல் 20 ஃபெம்டோலிட்டர் வரை இருந்தால் பிளேட்லெட், 36-க்கு மேல் போனால் சிவப்பணு என்று இயந்திரம் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. உடைந்த சிவப்பணுத் துண்டோ, மிக மிகச் சிறுத்த சிவப்பணுவோ வந்தால், அதையும் பிளேட்லெட் கணக்கில் சேர்த்துவிட வாய்ப்புண்டு. குறைந்திருக்கும் பிளேட்லெட் எண்ணிக்கை அப்போது குறையாதது போல் தெரியும். நல்ல இயந்திரங்கள் சந்தேகம் வந்தால் எச்சரிக்கைக் குறி போடும். ஆய்வுக்கூடத்தினர் வேறு முறையில் எண்ணியோ, கண்ணாடித் தட்டில் பார்த்தோ சரிபார்ப்பார்கள்.

இதைவிட முக்கியமானது இன்னொரு வரி. டிங்கி முற்றும்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், இரத்தம் கெட்டியாகும். அதைக் காட்டுவது ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடித்திருக்கும் இடம் நூற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கு. இதுவும் அந்த மின்துளை தந்த இரண்டு எண்களைப் பெருக்கி வருவதுதான். ஒருவரின் வழக்கமான அளவிலிருந்து இது ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தால் அபாய அறிகுறி என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

வழக்கமான அளவு என்பதுதான் இதில் சிக்கல். என் அம்மாவின் ஹீமட்டோகிரிட் அன்றைய தாளில் 28. அவருக்கு டிங்கி வந்து அது 34 ஆகியிருந்தால், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஏறிவிட்டது என்று பொருள். ஆனால் 34 என்பது தாளில் 'குறைவு' என்றுதான் அச்சாகியிருக்கும். பழைய தாள் கையில் இல்லாமல் அவசரப் பிரிவுக்குப் போகும் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு, அவருடைய 28-ஐ டாக்டரிடம் யார் சொல்வது? பிஸ்கட் டின்னில் இருக்கும் தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்கும்படி நான் எங்கள் லயத்தில் வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். சில அக்காமார் சிரிக்கிறார்கள். சிலர் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

தட்டிப் பார்க்கும் மின்சாரம்

சந்தையில் பலாப்பழம் வாங்கும் பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணால் அளவு பார்ப்பார். பிறகு விரலால் தட்டிப் பார்ப்பார். அளவு ஒரு செய்தி, ஓசை வேறொரு செய்தி. கூல்டரின் துளை அணுவின் அளவை மட்டுமே பார்த்தது. அணுவைத் தட்டிப் பார்ப்பதுதான் அதற்கு அடுத்து வந்த முறை.

தட்டுவது மாறுமின்னோட்டத்தால். அணுவைச் சுற்றியுள்ள சவ்வு ஒரு குட்டி மின்தேக்கி போல நடந்துகொள்கிறது. மின்னோட்டம் மெதுவாகத் திசை மாறினால் அது சவ்வைத் தாண்ட முடியாமல் அணுவைச் சுற்றிப் போகும். அப்போது தெரிவது அளவு. விநாடிக்கு லட்சக்கணக்கில் திசை மாற்றினால் சவ்வின் தன்மை தெரியத் தொடங்கும். இன்னும் வேகமாக்கிப் பல மெகாஹெர்ட்ஸ் அளவுக்குப் போனால் மின்சாரம் சவ்வை ஊடுருவிவிடும். அணுவின் உட்பொருள் எவ்வளவு கடத்துகிறது என்று தெரியும். ஒரே அணு கடந்து போகும் அந்தக் கணத்திலேயே இரண்டு மூன்று அலைவரிசைகளில் ஒருசேரக் கேட்டுவிடலாம்.

இந்த எண்ணம் புதியதல்ல. 1925-இல் ஹூகோ ஃபிரிக்கே என்பவர் இரத்த அணுக்கள் கலந்த நீரில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, சவ்வின் தடிமன் 3.3 நானோமீட்டராக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். ஒரு தாளின் தடிமனில் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு அது. சவ்வை யாரும் கண்ணால் பார்த்திராத காலத்தில், வெறும் மின்கணக்கால் சொன்னது. உண்மைத் தடிமன் அதைவிடச் சற்றுக் கூடுதல்தான் என்றாலும், அந்தக் கணக்கு எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது!

ஃபிரிக்கே கோடிக்கணக்கான அணுக்களை மொத்தமாக அளந்தார். ஒவ்வோர் அணுவையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க, முடி அகலத்தையும்விடக் குறுகிய கால்வாய்களைச் சில்லில் செதுக்கும் தொழில்நுட்பம் வர வேண்டியிருந்தது. 2001-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் அப்படி ஒரு சில்லை வெளியிட்டார்கள். 2009-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு, வெள்ளணுக்களின் மூன்று முக்கிய வகைகளைச் சாயமே இல்லாமல் மின்சாரத்தால் பிரித்துக் காட்டியது.

சாயம் இல்லாமல் என்பதில் என்ன பெருமை? வழக்கமான முறையில், தேடும் அணுவின் மேல் ஒளிரும் சாயம் சேர்ந்த எதிர்ப்புரதத்தை ஒட்டிவிடுவார்கள். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தான் மரங்களில் மின்மினிகள் ஒட்டிக்கொள்வது போல. இருட்டில் எது மின்னுகிறதோ அதுதான் நாம் தேடும் அணு. அழகான முறை. ஆனால் அந்த மின்மினிகளை விலை கொடுத்து வாங்க வேண்டும், குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், ஒட்டவைக்கக் காத்திருக்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு இது ஒரு பொருட்டல்ல. சபாக் பெர்ணம் பக்கத்திலிருக்கும் ஒரு சிறு கிளினிக்கை நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் பாட்டி வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும்: காய்ச்சக்காடு. மலேரியாவால் ஆள் தங்காத தோட்டங்களுக்கு அந்தக் காலத்தில் அவர் கேட்ட பெயர். கொசுவுக்குள் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897-இல் சிக்கந்தராபாத்தில் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மல்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்து ஊரைக் காப்பாற்றினார். பிறகு செலாங்கூர்த் தோட்டங்களுக்குப் போய், லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். அந்த விகிதம்தான் ஒரு தோட்டத்தின் மலேரியா நிலவரம். கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் வரிசையில் நின்று வயிற்றைக் காட்டியிருக்கிறார்கள். அதுவும் ஒரு பெரட்டுதான்.

மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் குடியேறினால் சவ்வில் புதிய வழிகளைத் திறந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் உப்புகளின் கணக்கு மாறுகிறது. அணு பெரிதும் பருக்காவிட்டாலும் தட்டினால் வரும் 'ஓசை' மாறிவிடும். சவுத்தாம்ப்டன் குழு 2018-இல் மலேரியா தொற்றிய அணுக்களைச் சாயமின்றி இப்படி அளந்து காட்டியது. சீரற்ற மின்புலத்தில் அணுக்களை ஒரு பக்கம் இழுத்துத் தனியே பிரிக்கும் முறையும் உண்டு. 1951-இல் ஹெர்பர்ட் போல் அதற்கு டைஎலெக்ட்ரோஃபோரெசிஸ் என்று பெயர் வைத்தார். நம் பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அந்த முறையில் ஆய்வு நடக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபாத்திமா இப்ராஹிம், கையிலும் காலிலும் மின்வாய் ஒட்டி டிங்கி நோயாளிகளின் உடல் மின்தடையிலிருந்து ஹீமோகுளோபினைக் கணிக்கும் முறையை 2004-இல் வெளியிட்டார். அது தனி அணுக்களை அளக்கும் முறை அல்ல. ஆனால் ஊசியே இல்லாமல் நம் நாட்டு நோய்க்கு மின்சாரத்தால் விடை தேடிய முயற்சி.

மின்சில்லுகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வகங்களில்தான் இருக்கின்றன. நுண்கால்வாய் அடைத்துக்கொள்கிறது, அணு கால்வாயின் நடுவே போகாமல் ஓரமாய்ப் போனால் அளவு பிசகுகிறது, ஆளுக்கு ஆள் இரத்தம் மாறுகிறது. இறுதியாண்டில் இதில்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறேன். மூன்று சில்லு அடைத்த பிறகும் இதே ஆசை இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று சிரித்தார்.

அத்தை வீட்டுப் பேச்சு

அப்பாவின் முடிவு வந்த பிறகு வீட்டில் ஒரு பழைய பேச்சு நின்றுபோனது. எனக்கும் தஞ்சோங் காராங்கில் இருக்கும் அத்தை மகனுக்கும் முறை. பாட்டிக்கு அது பத்து வயதிலிருந்தே முடிவான கல்யாணம். எங்கள் இருவருக்கும் அப்படி ஓர் எண்ணம் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். அப்பாவுக்கு அந்த மரபணு அவருடைய பெற்றோரில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியானால் கூடப் பிறந்த அத்தைக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தைக்கு இருந்தால், அவர் மகனுக்கும் பாதிக்குப் பாதி. மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வர. மாதா மாதம் இரத்தம் ஏற்றி வளர்க்க வேண்டிய பிள்ளை. சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இந்தக் கணக்கைத் தாலிக்கு முன்பே போட்டுப் பார்ப்பது நல்லது.

பாட்டிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு மாலைகள் ஆயின. துளை, உப்பு நீர், துள்ளல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ கரண்டு வச்சு இரத்தத்துக்குப் பெரட்டு எடுக்கிறாங்கன்னு சொல்லு" என்றார். இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு அவர் கொடுத்ததுதான்.

அம்மா இப்போது மாத்திரையைச் சாப்பாட்டுக்கு இடையே, தேநீருக்கு வெகு நேரம் தள்ளி, எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்கிறார். வயிறு அவ்வளவாகப் புரட்டுவதில்லையாம். போன மாதத் தாளில் எம்.சி.வி. 79. அப்பா தம் தாளைப் பணப்பையில் மடித்து வைத்திருக்கிறார். காலைப் பெரட்டில் யாராவது உடம்பு சரியில்லை என்றால் எடுத்துக் காட்டுகிறாராம். அத்தான் போன வெள்ளிக்கிழமை இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு இந்த வாரம் கிடைக்கும். தாள் வந்ததும் அந்த இரண்டு வரிகளை மட்டும் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.